கோடு விழாத பக்கங்கள்

திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதையில் ஞாயிற்றுக்கிழமையானால் பழைய புத்தகம் பரப்பியிருப்பார்கள். 1993ல் அங்கே முப்பது ரூபாய் சொன்னதை இருபதுக்குப் பேசி வாங்கிய புத்தகம் இது. டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்', 'மனிதனின் மரபுவழி' இரண்டும் ஒரே கட்டாகச் சேர்ந்த அமெரிக்கப் பதிப்பு. மேலட்டை போய்விட்டது. முதுகில் யாரோ காக்கித் துணி வைத்து ஒட்டியிருக்கிறார்கள். முதல் பக்கத்தில் பெயர் இருந்த இடம் கிழிந்து, 1990 என்ற வருஷம் மட்டும் மிச்சம் இருக்கிறது.

எனக்கு முன்னால் இதை வைத்திருந்தவர் சிவப்பு மைப் பேனாவோடு படித்தவர். கோடு போடுகிற ஆள். ஓரத்தில் ஆங்கிலத்தில் ஒற்றை வார்த்தைகள் எழுதுகிற ஆள். அவர் யாரென்று தெரிந்துகொள்கிற ஆசை எனக்கில்லை. ஆனால் எங்கே கோடு போட்டார், எங்கே போடவில்லை என்பதைப் பார்க்கப் பார்க்க, ஒரு பெரிய புத்தகம் நம்ம ஊரில் எப்படி வாசிக்கப்படுகிறது என்பதே விளங்க ஆரம்பித்தது. ஆகவே இது டார்வினைப் பற்றி மட்டுமான விமர்சனம் இல்லை. அந்தச் சிவப்பு மையைப் பற்றியதும்தான்.

'தோற்றம்' நூலின் நாலாவது அத்தியாயத் தலைப்பில் முதல் கோடு. இயற்கைத் தேர்வு, அதாவது தகுதியுள்ளது பிழைத்தல் என்கிற தலைப்பு. அடியில் இரட்டைக் கோடு. பக்கத்தில் 'மெரிட்' என்று எழுதி ஓர் ஆச்சரியக்குறி.

1990 என்ற வருஷத்தை மறந்துவிட வேண்டாம். அந்த ஆகஸ்டில்தான் வி.பி. சிங் மண்டல் பரிந்துரையை அமல்படுத்துவதாக அறிவித்தார். வடக்கே மேல்சாதி மாணவர்கள் தெருவில் உட்கார்ந்து செருப்புக்குப் பாலிஷ் போட்டுப் போராட்டம் நடத்தினார்கள். துடைப்பம் எடுத்து ரோட்டைப் பெருக்கினார்கள். இடஒதுக்கீடு வந்தால் எங்களுக்கு இந்த வேலைதான் மிஞ்சும் என்பது அதன் அர்த்தம். இந்த வேலை யாருக்கு என்று ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது என்பது அதற்குள்ளே கிடந்த அர்த்தம். செருப்பு அவர்களுக்கு ஒரு நாள் நாடகம். சாயங்காலம் கை கழுவிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. அந்த வருஷத்தில்தான் இந்தப் பிரதியில் 'மெரிட்' விழுந்தது.

இரட்டைக் கோடு போட்டாரே, அந்தச் சொல்லே டார்வினுடையது இல்லை. 1859ல் வந்த முதல் பதிப்பில் அது கிடையாது. ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864ல் உருவாக்கியதை, 1869ல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் டார்வின் உள்ளே சேர்த்தார். என் கையில் இருப்பது ஆறாம் பதிப்பின் மறுஅச்சு என்பதால் தலைப்பிலேயே அது வந்து நிற்கிறது. சேர்த்தது டார்வின் தப்புதான், அதை மறைப்பானேன். ஆனால் அந்தச் சொல்லுக்கு அவர் கொடுத்த பொருள் என்ன? ஐந்தாம் அத்தியாயத்தில் மதீரா தீவு வண்டுகள் வருகின்றன. அங்கே கணக்கெடுத்த 550 வகை வண்டுகளில் 200 வகைக்குப் பறக்கிற அளவுக்குச் சிறகு இல்லை. காற்று அடிக்கிற தீவு அது. நன்றாகப் பறக்கிற வண்டு கடலில் போய் விழுந்து சாகும். பறக்க முடியாதது தரையோடு ஒட்டிக்கிடந்து பிழைக்கும். அந்த இடத்தில் தகுதி என்பது சிறகில்லாமல் இருப்பது. காற்று நின்றால் கணக்கு மாறும். தகுதிக்குத் தனியாக ஒரு உயரம் கிடையாது, இடமும் காலமும்தான் உண்டு என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு பரிட்சைப் பேப்பரும் சொல்லாது. இந்தப் பக்கத்தில் சிவப்பு மை இல்லை.

முதல் அத்தியாயம் முழுக்கவே மை இல்லை. அது புறாக்களின் அத்தியாயம். அறிவு ஜீவிகளுக்கு அலுப்புத் தட்டுகிற இடம். எனக்கு அதுதான் இந்தப் புத்தகத்திலேயே பெரிய இடம். டார்வின் எங்கே போய்க் கற்றுக்கொள்கிறார் என்று பாருங்கள். லண்டனில் இரண்டு புறாச் சங்கங்களில் உறுப்பினராகச் சேர்கிறார். சாராயக் கடையில் புறா வளர்ப்பவர்களோடு உட்கார்ந்து பேசுகிறார். ஆடு வளர்ப்பவன், மாடு சேர்ப்பவன், நாற்றங்கால்காரன் எல்லோரையும் கேட்கிறார். இயற்கைத் தேர்வு என்ற தத்துவமே, வளர்ப்பவன் கை செய்கிற தேர்விலிருந்து எடுத்துக்கொண்டது. படிப்பாளிகள் மதிக்காத கைகளுக்குள் ஒரு விஞ்ஞானம் கிடந்தது. அதை எடுத்து எழுதினார். அதற்காக இவரை மதிக்கலாம்.

ஆனால் எழுதும்போது யாருக்குப் பெயர் கிடைக்கிறது? அதே புறாப் பக்கங்களில் ஒரு நன்றி வருகிறது. உலகின் பல மூலைகளிலிருந்து தோல் அனுப்பி உதவினார்கள், முக்கியமாக இந்தியாவிலிருந்து எலியட் என்று. இவர் வால்டர் எலியட், மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி. 1850களில் இங்கேயிருந்து டார்வினுக்குப் புறாத் தோலும் கோழித் தோலும் கப்பலில் போயிருக்கின்றன. நம்ம ஊர்ப் புறா அந்தப் புத்தகத்துக்குள்ளே இருக்கிறது. துரை தானே கத்தி பிடித்து உரித்தாரா, ஆள் வைத்து உரித்தாரா என்பது புத்தகத்தில் இல்லை. தோலுக்கு அனுப்பியவர் பெயர் உண்டு, உரித்தவர் பெயர் இல்லை. நான் முதன்முதலாக இந்தப் பிரதியில் பென்சில் வைத்தது அங்கேதான்.

கத்தியைப் பற்றிப் பேச எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் தாத்தா ஊரில் செத்த மாடு தூக்கியவர். தூக்கிப்போய் உரித்து, உப்புத் தடவி, தோல் மண்டிக்குப் போடுகிற வேலை. அப்பாவும் கொஞ்ச வருஷம் அதைச் செய்துவிட்டுப் பிறகு வாணியம்பாடிப் பக்கம் தோல் ஷாப்புக்கு வேலைக்குப் போனார். என்னை அந்தக் கத்தி பக்கமே விடவில்லை. "தொட்டே, கைய ஒடிச்சிருவேன்" என்பார். பள்ளிக்கூடம் போகிற பையன் கையில் அந்த வாசனையே இருக்கக்கூடாது என்பது அவருடைய வைராக்கியம்.

பிறகு விலங்கியல் படிக்கப் போனேன். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். செய்முறை வகுப்பில் மெழுகுத் தட்டில் தவளையை மல்லாத்திக் குண்டூசி குத்தி வைத்திருந்தோம். மூன்றாவது வாரமே எனக்கு அது நன்றாக வந்துவிட்டது. தோலை ஒரு கிழிசல் இல்லாமல் விரித்து, ரத்தக்குழாய் அறுபடாமல் காட்டினேன். ஆசிரியர் வந்து குனிந்து பார்த்தார். "பிரமாதம்டா" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்களுக்கெல்லாம் சொல்லியா குடுக்கணும், ரத்தத்துலயே இருக்குமே" என்றார். வகுப்பு சிரித்தது. தவளை பிடித்துக் கொடுத்துக் குளோரோஃபார்ம் போட்டு வைக்கும் அட்டெண்டர், அவரும் நம்ம ஆள்தான், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மூன்று வாரத்துக்கு முன்னால் என் கை ஒரு கத்தியும் பிடித்ததில்லை என்பது அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

அந்த ஆசிரியரைச் சாதி வெறியர் என்று மட்டும் சொல்லி முடித்துக்கொள்ள அப்போது எனக்கு வசதியாக இருந்தது. இந்தப் புத்தகத்தை வாங்கிய பிறகு அது முடியவில்லை. 'மனிதனின் மரபுவழி' 1871ல் வந்த நூல். அதன் தொடக்க அத்தியாயங்களில் உழைப்பும் உடம்பும் பற்றி டார்வின் பேசுகிற இடம் இருக்கிறது. இங்கிலாந்தில் கூலிக்காரர்களின் குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே கை பெரிதாக இருக்கிறது, பெரிய மனிதர் வீட்டுக் குழந்தைகளுக்கு அப்படியில்லை என்று சொல்லப்படுவதாக எழுதுகிறார். கை காலால் அதிகம் உழைக்காத வர்க்கங்களுக்குத் தாடை சிறுத்துப் போகலாம் என்றும் யோசிக்கிறார். அந்த வரிகளில் சிவப்பு மை இருக்கிறது. ஒரு டிக். பக்கத்தில் 'ரொம்பச் சரி' என்று ஆங்கிலத்தில்.

என் ஆசிரியர் சொன்னது நூறு வருஷத்துக்கு முந்தின இந்தப் பக்கத்தின் எதிரொலி. பாட்டன் செய்த தொழில் பேரன் உடம்பில் இறங்கும் என்கிற கோட்பாடு. அதை டார்வின் லாமார்க்கிடமிருந்து முழுதாக விட்டொழிக்கவில்லை. 'தோற்றம்' நூலிலேயே வீட்டு வாத்தின் சிறகெலும்பு எடை குறைந்து காலெலும்பு எடை கூடியிருப்பதை நிறுத்துப் பார்த்து, பறப்பதை விட்டதும் நடப்பதை வளர்த்ததும் காரணம் என்கிறார். 1868ல், உடம்பின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் நுண்துகள் கிளம்பிப் பிள்ளைக்குப் போகிறது என்று ஒரு கற்பனையும் கட்டினார். தப்பு. 1880களில் வைஸ்மான் என்ற ஜெர்மானியர் எலிகளுக்குத் தலைமுறை தலைமுறையாக வாலை வெட்டிப் பார்த்தார். குட்டிகள் வாலோடுதான் பிறந்தன. இதற்கு எலிகூட வேண்டாம். நம்ம வீட்டில் எத்தனை தலைமுறையாகக் காது குத்துகிறோம், எந்தக் குழந்தை ஓட்டையோடு பிறந்தது?

விஞ்ஞானம் என்றாலே நம் பக்கம், புராணம் என்றாலே அவர்கள் பக்கம் என்று சுலபமாகப் பிரித்துவிடுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சுயமரியாதை மேடைகளில் டார்வின் நிறைய அடிபட்டார். பிரம்மாவின் முகத்தில் ஒருவன், காலில் ஒருவன் பிறந்தான் என்ற கதையை அடித்து நொறுக்க அவர் உதவினார். அது நடந்தது நல்லதே. சிங்காரவேலர் போன்றவர்கள் விஞ்ஞானத்தைத் தமிழில் கொண்டுவந்து வைத்ததும் பெரிய காரியம். ஆனால் மேடையில் டார்வின் 'குரங்கிலேர்ந்து வந்தோம்' என்கிற ஒற்றை வாசகமாகச் சுருங்கிவிட்டார். அதுவும் அரைகுறை. இன்றைய குரங்குக்கும் நமக்கும் பொதுவான ஒரு மூதாதை என்பதே அவர் சொன்னது. கடவுளை மறுக்கக் கூப்பிட்ட டார்வினை, சேரியில் செத்த மாடு தூக்குவது பிறவிக் குணம் இல்லை என்று சொல்லக் கூப்பிட்டவர்கள் குறைவு. பிரம்மா இல்லை என்று ஒத்துக்கொண்ட அதே ஊர்க்காரர் 'அவனுங்களுக்கு அது பழக்கம்' என்று சொல்வதில் அவருக்கு முரண்பாடே தெரியவில்லை. ரத்தம் என்ற இடத்தில் பிரம்மா மறுபடியும் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

இதைச் சரியாகப் பிடித்தவர் அம்பேத்கர். 1936ல் லாகூர் மாநாட்டுக்கு எழுதி, பேச விடாமல் செய்யப்பட்ட 'சாதி ஒழிப்பு' உரையில், சாதியை வம்ச மேம்பாட்டு விஞ்ஞானமாக நியாயப்படுத்துபவர்களை அவர் மடக்குகிறார். அதற்கு அவர் எடுத்துக்கொள்வது மெண்டலின் மரபியலை இங்கிலாந்தில் நிலைநாட்டிய பேட்சனை. அறிவுத்திறன் போன்ற குணங்கள் ஏதோ ஒரு ஒழுங்கான வழியில் பிள்ளைக்கு இறங்குகின்றன என்று காட்ட எதுவும் இல்லை என்ற கருத்தை அவரிடமிருந்து எடுத்து வைக்கிறார். சாதி வேலையைப் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களைப் பிரித்தது என்பதும் அந்த உரையில்தான். டார்வினை அப்படியே தூக்கித் தலையில் வைத்துக்கொள்ளாமல், அவருக்குப் பின் வந்த அறிவைத் தேடிப் பிடித்துக் கையில் எடுத்தார் பாருங்கள், அந்த நிதானம் நமக்கு வேண்டும்.

டார்வினிடம் இன்னும் மோசமான பக்கமும் உண்டு. சில நூற்றாண்டுகளுக்குள் நாகரிக இனங்கள் காட்டு இனங்களை அழித்து அந்த இடத்தில் தாங்கள் நிறைவார்கள் என்று அதே நூலில் எழுதியிருக்கிறார். எழுதுகிற குரலில் பதற்றம் இல்லை, பருவமழை பற்றிச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போகிறார். அடிமை முறையை வெறுத்த குடும்பத்தில் பிறந்தவர், பிரேசிலில் அடிமைகள் பட்ட சித்திரவதையைப் பார்த்து நொந்து எழுதியவர், இதையும் எழுதினார். அதற்கு அடுத்த அத்தியாயத்திலோ, மனித இனங்கள் எத்தனை என்று அறிஞர்கள் சொன்ன கணக்கை வரிசையாக அடுக்குகிறார். ஒருவர் இரண்டு என்கிறார், ஒருவர் ஐந்து, ஒருவர் அறுபது, இன்னொருவர் 63. இவ்வளவு குழப்பம் வருகிறதென்றால் ஒன்றோடொன்று கலந்து கிடப்பதால்தான், நடுவே கோடு கிழிக்க முடியாது என்று முடிக்கிறார். முந்தின பக்கத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் சாம்ராஜ்யம் நடத்தினார்கள். பிந்தினதை நாம் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் முந்தினது இல்லையென்று சத்தியம் பண்ண முடியாது.

அந்த நூலிலேயே, கோடு விழாத ஒரு வரிக்கு வருகிறேன். ஐரோப்பியரும் கறுப்பரும் அமெரிக்கப் பழங்குடியினரும் மனத்தால் எவ்வளவு வேறுபட்டவர்கள் என்று ஆரம்பித்து, ஆனாலும் கப்பலில் கூட வந்த ஃபியூஜியர்களின் மனசு நம்முடையதைப் போலவே இருந்தது என்கிறார். தான் ஒரு காலத்தில் நெருங்கிப் பழகிய ஒரு கறுப்பரிடமும் அப்படியே கண்டதாக ஒரு வாக்கியத் துண்டில் சேர்க்கிறார். பெயர் இல்லை. அவருடைய சுயசரிதையிலும் அந்த மனிதர் வருகிறார், இனிமையானவர், புத்திசாலி என்று. அங்கேயும் பெயர் இல்லை. 1978ல் ஃப்ரீமன் என்ற டார்வின் ஆய்வாளர் அந்தப் பெயரைச் சேர்த்து வைத்தார்: ஜான் எட்மன்ஸ்டோன்.

தென்னமெரிக்காவில் கயானாவின் டெமராராப் பகுதியில், சார்லஸ் எட்மன்ஸ்டோன் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் தோட்டத்தில் அடிமையாக இருந்தவர். ஜானுக்கு இருக்கும் குடும்பப் பெயரே எஜமானனுடையது. அந்தத் தோட்டத்துக்கு வந்துபோன வாட்டர்டன் என்ற பறவைப் பித்தர் இவருக்குப் பறவையைப் பாடம் பண்ணக் கற்றுக்கொடுத்தார். சுட்டு விழுந்த பறவை காட்டு வெக்கையில் அழுகுவதற்குள் தோல் எடுக்க வேண்டும், அதற்கு ஒரு கை தேவைப்பட்டது. 1817ல் எஜமானனோடு ஸ்காட்லாந்து வந்தார், விடுதலை ஆனார், எடின்பரோவில் அதையே தொழிலாக வைத்துக்கொண்டார். லோதியன் தெருவில் 37ஆம் எண். அதே தெருவில் 11ஆம் எண்ணில் குடியிருந்தான் டாக்டருக்குப் படிக்க வந்த ஒரு பையன். அறுவைச் சிகிச்சையைப் பார்க்கச் சகிக்காமல் வெளியே ஓடியவன், பிணம் அறுக்கிற வகுப்பென்றால் அருவருத்தவன். 1826ல் அந்தப் பையன் இவரிடம் போய் உட்கார்ந்தான். தினம் ஒரு மணி நேரம், இரண்டு மாதம், கூலி ஒரு கினி. பையனுக்கு அப்போது வயது பதினேழு.

ஐந்து வருஷம் கழித்து பீகிள் கப்பலில் ஏறியபோது டார்வின் கையில் இருந்த உருப்படியான தொழில்களில் ஒன்று இது. கலாபகஸ் தீவுகளில் 1835ல் எடுத்த பறவைகள் தோலாக வந்துதான் லண்டனில் ஜான் கூல்ட் என்ற பறவையியல் அறிஞர் முன்னால் விரிக்கப்பட்டன. 1837 ஜனவரியில் கூல்ட் அவற்றைப் பார்த்து, இவை தனித்தனி இனங்கள் என்று சொன்ன பிறகே டார்வினுக்குள் விஷயம் புரள ஆரம்பித்தது. தோல் கெட்டிருந்தால் கூல்டிடம் காட்ட ஒன்றும் இருந்திருக்காது. அந்தத் தோல்கள் எல்லாவற்றையும் டார்வினும் உரிக்கவில்லை. கப்பலில் தன் வேலையாளாக வைத்துக்கொண்ட சிம்ஸ் கோவிங்டன் என்ற பையனுக்குச் சுடவும் உரிக்கவும் பழக்கியிருந்தார். ஆக அடிமையிடமிருந்து மாணவனுக்கு, மாணவனிடமிருந்து வேலைக்காரனுக்கு என்று அந்தக் கைவேலை போயிருக்கிறது. ரத்தம் வழியாகப் போகவில்லை. ஒருத்தர் பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து கற்றுக்கொண்டு போனது. அதைத் தன் உடம்பிலேயே அனுபவித்த மனுஷர், கூலிக்காரன் குழந்தையின் கையைப் பற்றி எழுதும்போது லோதியன் தெருவை மறந்துவிட்டார் என்பதுதான் இந்த நூலின் மேல் எனக்குள்ள பெரிய புகார்.

மேல்சாதிப் பையன் ஒருத்தன் பணம் கொடுத்து எங்கள் தாத்தாவிடம் வந்து உட்கார்ந்து, செத்ததைத் தொட்டுத் தொழில் கற்றுக்கொண்டு, பிறகு அதை வைத்து ஒரு விஞ்ஞானம் பண்ணியிருந்தால் என்று யோசித்துப் பார்த்தேன். யோசனை நகரவில்லை. தொடுவதே குற்றமான இடத்தில் பிணத்தை அறுத்துப் பார்க்கிற அறிவு எப்படி வளரும்? தொட்டவனுக்குப் புத்தகம் கிடையாது, புத்தகம் வைத்திருந்தவன் தொடவில்லை.

அப்பா உயிரோடு இருந்தபோது ஒரு தரம் இந்தக் கதையை அவருக்குச் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து வெத்தலை மடித்துக்கொண்டே கேட்டார். டார்வின், பரிணாமம் எதிலும் அவருக்கு அக்கறை இல்லை. "கத்துக் குடுத்ததுக்குக் காசு வாங்கினாரா அவரு?" என்றார். வாங்கினார் என்றேன். ஒரு கினி என்றால் இருபத்தோரு ஷில்லிங் என்றும் சொன்னேன்.

"தோலுக்குத்தான் காசு குடுப்பாங்க. கத்துக் குடுக்கறதுக்கா குடுத்தான்?" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்.

"மாடா?"

"இல்லப்பா. பறவை. சின்னச் சின்னது. தோலு காகிதம் மாதிரி இருக்கும், றெக்கை உதிரக்கூடாது, கிழியக்கூடாது."

"ரெண்டு மாசமா கத்துக்கிட்டான்?"

"ஆமா. தினம் ஒரு மணி நேரம்."

வெத்தலையை வாயில் போட்டுக்கொண்டு தலையை ஆட்டினார்.

"பத்தாதே" என்றார்.